பதினைந்து ரூபாய் எமரித் தாள்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். கவிதை எனக்கு வராது. 'நட்பு', 'தாய்' இரண்டு தலைப்பையும் முதலாம் ஆண்டுத் தம்பிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்களாம். எனக்கு ஓரளவு தெரிந்த விஷயம் கார் பிரேக். அதையும் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன். அந்தத் தப்பை இதுவரை மூன்றே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். இனி மலர் வாங்குகிற எல்லோருக்கும் தெரியப்போகிறது, பரவாயில்லை.

2024 மே மாதம். நான்காவது செமஸ்டர் முடிந்து இன்பிளாண்ட் டிரெய்னிங். பெரிய கம்பெனிகளில் இடம் கிடைத்த நண்பர்கள் ஷூ, ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை சகிதம் போனார்கள். எனக்குக் கிடைத்தது சேலத்தில் ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப். சேலத்து மே மாத வெயிலில் தகரக் கொட்டகை எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஸ்பானரைக்கூடத் துணி சுற்றித்தான் எடுப்போம்.

மேஸ்திரி அம்பாசிடர் காரில் கை பழகியவர். 2014-ல் அந்தக் கார் உற்பத்தி நின்றபோது ஒரு நாள் கடைக்கு லீவு விட்டாராம். மேனுவல் பார்க்கமாட்டார். காதை வைத்துக் கேட்பார், கையை வைத்துப் பார்ப்பார், சொல்லுவார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். என்னை "டிப்ளமோ" என்றுதான் கூப்பிடுவார். "டிப்ளமோ, அந்த பதினாலு பதினஞ்சு எடு" என்றால் பதினான்கு-பதினைந்து ஸ்பானர் எடுக்க வேண்டும். முதல் நாள் நான் பதினான்கையும் பதினைந்தையும் தனித்தனியாகத் தேடினேன். அந்தக் கதை வேண்டாம்.

ஒரு நாள் காலையில் எங்கள் சித்தப்பா தன் டாக்ஸியை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் அங்கே இருக்கிறேன் என்பதற்காகவே வந்தார். சித்தப்பாவிடம் இருப்பது ஒரே வண்டி. மாதம் 14,300 ரூபாய் டியூ. சேலம் - பெங்களூரு வாடகைதான் அதற்குச் சோறு. குறிப்பாக ஒரு குடும்பம், ஒரு சின்னப் பெண்ணை மாதம் இரண்டு முறை பெங்களூருக்கு ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள், வேறு வண்டி கூப்பிடவே மாட்டார்கள்.

"நூறுல வந்து பிரேக்க மிதிச்சா ஸ்டியரிங் கையில கிடந்து ஆடுது மேஸ்திரி. அறுபதுக்குக் கீழ வந்துட்டா ஒண்ணுமில்ல, நல்ல புள்ளையா நிக்குது. ஊருக்குள்ள ஓட்டுனா ஒரு கம்ப்ளெயிண்டும் இல்ல" என்றார் சித்தப்பா.

மேஸ்திரி ஓமலூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "டிஸ்க் வளைஞ்சிருக்கு. முன்னாடி ரெண்டும் மாத்திரலாம். கூடவே பேடும்."

இந்த இடத்தில் சிவில், இ.சி.இ. நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. முன் சக்கரத்துக்குப் பின்னால் ஹப் என்று ஒன்று உண்டு. அதன் தட்டையான முகத்தில் இரும்புத் தட்டு ஒன்று உட்கார்ந்து, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் இரண்டு பேடுகள் அதைக் கவ்விப் பிடிக்கும். கல்யாண வீட்டில் அப்பளத்தை இரண்டு விரலால் பிடிப்பதுபோல. 1902-லேயே இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் 1953-ல் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பின் சக்கரத்தில் சித்தப்பா வண்டிக்கு இன்னும் டிரம்தான்.

டிஸ்க், பேட், கூலி எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். சித்தப்பா எண்ணிக் கொடுத்துவிட்டு, "நம்ம பையன் கைபட்டா சரியாயிரும்" என்று என் முதுகில் தட்டிவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனார். வலது சக்கரத்தை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். இடது சக்கரம் எனக்கு.

பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். ஹப் முகத்தில் துரு, பொருக்குப் பொருக்காக ஏறியிருந்தது. மேஸ்திரி அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தார்: "துருவ எமரி போட்டு நல்லாத் தேய்ச்சுட்டு மாட்டு." எமரி தீர்ந்துபோயிருந்தது. மூன்று கடை தள்ளி ஹார்டுவேர் கடையில் வாங்கலாம், ஒரு தாள் பதினைந்து ரூபாய். மணி ஒன்றரை. பசி. வெயில். நான் பனியன் வேஸ்ட்டை எடுத்து நாலு இழுப்பு இழுத்தேன். மேலே இருந்த தூள் போய், அடியில் கெட்டியாகப் பிடித்திருந்தது அப்படியே நின்றது. 'இரும்புத் தட்டு முறுக்கினா தானா உட்கார்ந்துடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புது டிஸ்க்கை மாட்டினேன். சக்கர நட்டுகளை ஏர் கன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக முறுக்கினேன். குறுக்குக்கு குறுக்காக முறுக்க வேண்டும் என்று முதல் வருஷமே படித்ததுதான்.

"தேய்ச்சியா?"

"தேய்ச்சுட்டங்க மேஸ்திரி."

டிரையல் போனோம். நூறில் மிதித்தோம். ஸ்டியரிங் அசையவில்லை. சித்தப்பா எனக்கு 200 ரூபாய் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த டிரையல்தான் என்னைக் கெடுத்தது. அன்றைக்கே ஆடியிருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பேன். ஆடாததால் துருவை மறந்தே போனேன். புதுத் தட்டு கோணலாக உட்கார்ந்திருந்தாலும் முதலில் ஏன் ஆடாது, பிறகு ஏன் ஆடும் என்பதுதான் இந்தக் கதையின் பாடப்பகுதி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ராத்திரி சித்தப்பா வீட்டுக்கு வந்தார். முகமே சரியில்லை. வண்டி ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆட்டம் திரும்ப வந்துவிட்டது. முதலில் லேசாக, பிறகு பழையபடி. நடுவில் வேறு ஒரு பெரிய கடையில் காட்டியிருக்கிறார். வீல் பேலன்சிங், அலைன்மென்ட் என்று 1,200 வாங்கினார்கள். நிற்கவில்லை. லோயர் ஆர்ம் புஷ், டை ராடு எண்டு என்று 4,800 வாங்கினார்கள். அதற்கும் நிற்கவில்லை.

"தோப்பூர் இறக்கத்துல முன்னாடி லாரிக்காரன் திடீர்னு மிதிச்சான். நானும் மிதிச்சேன். வண்டி நின்னுச்சு. ஆனா ஸ்டியரிங் ஆடுன ஆட்டத்துல பின்னாடி அந்தப் பொண்ணு கத்தி அழுதுருச்சு. அவங்க அப்பா சேலம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இறங்கும்போது, 'வண்டிய சரி பண்ணிட்டு சொல்லுங்க, அதுவரைக்கும் வேற பாத்துக்கறோம்'ன்னுட்டார்" என்றார்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தோப்பூர் கணவாயில் இறங்கியவர்களுக்குத் தெரியும். லாரிகள் அங்கே பிரேக் பிடிக்காமல் மோதிய செய்தி எத்தனை முறை பேப்பரில் வந்திருக்கிறது! அந்த இடத்தில் கையில் ஸ்டியரிங் நடுங்கினால் ஓட்டுகிறவருக்கு எப்படியிருக்கும்?

"உங்க மேஸ்திரி டூப்ளிகேட் டிஸ்க் போட்டுட்டான்டா" என்றார் சித்தப்பா. மறுநாள் போய் மேஸ்திரியிடம் சண்டை போட்டார். மேஸ்திரி 2,000 ரூபாய் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் போய் அவர் சண்டை போட்டார். பன்னிரண்டு வருஷப் பழக்கம், ஒரே நாளில் பேச்சு நின்றது. நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஐந்தாவது செமஸ்டர் ரெக்கார்ட் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். 'துருவா இருக்காது, வேற ஏதாவதுதான் இருக்கும்' என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

கடைசியில் ஆட்டோ சாரிடம் போனேன். 'ஒரு வண்டியில் இப்படி ஒரு கம்ப்ளெயிண்ட் சார்' என்று மூன்றாம் மனிதர் கதைபோல ஆரம்பித்தேன். சார் நேராகப் பதில் சொல்லும் பழக்கம் இல்லாதவர்.

"டயர் சைஸ்?"

"165/80, ரிம் 14 சார்."

"சுத்தளவு போடு."

போட்டேன். ஏறக்குறைய 1.95 மீட்டர்.

"நூறு கிலோமீட்டர் வேகத்துல சக்கரம் செகண்டுக்கு எத்தனை சுத்து?"

நூறு கி.மீ. என்றால் செகண்டுக்கு 27.8 மீட்டர். 1.95-ஆல் வகுத்தால் பதினான்கு சுற்று. எழுபது கி.மீ.க்குப் பத்து. நாற்பதுக்கு ஆறுகூட இல்லை.

"இப்பச் சொல்லு. அறுபதுக்குக் கீழ ஏன் ஆடல?"

எனக்கு விளங்கியது. ஊஞ்சலை எப்போது வேண்டுமானாலும் தள்ளினால் ஆடாது. அதன் ஆட்டத்துக்கு ஒத்த நேரத்தில் தள்ள வேண்டும். முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் இவற்றுக்கென்று ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. டிஸ்க்கில் ஒரு குறை இருந்தால் சுற்றுக்கு ஒரு தடவை அது பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து விடுகிறது. நூறிலிருந்து எழுபது வரை, செகண்டுக்குப் பத்துப் பதினான்கு முறை விழும் அந்தத் தட்டு ஊஞ்சலோடு சேர்ந்துகொள்கிறது. வேகம் குறைந்தால் குறை போய்விடுவதில்லை. ஊஞ்சலோடு ஒத்துப்போவதுதான் நின்றுவிடுகிறது. 'ஊருக்குள்ள ஒண்ணுமில்ல' என்று சித்தப்பா சொன்னது வண்டி நன்றாக இருப்பதற்குச் சாட்சியே அல்ல.

"அது சரி சார், டிஸ்க் சூட்டுல வளைஞ்சுடுமா?"

சார் இன்னொரு கணக்குப் போடச் சொன்னார். ஆளோடு 1,400 கிலோ வண்டி, நூறு கி.மீ. வேகம். இயக்க ஆற்றல் சுமார் 540 கிலோ ஜூல். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கலாம். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கு இவ்வளவு சூடு பிரேக்குகளுக்குப் போகிறது, அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்கு. "சூடு அதிகம்தான். ஆனா ஓட்டை தட்டு மாதிரி அது வளைஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொல்றது பெரும்பாலும் தப்பு. வளைஞ்சிருந்தா ஏன் ஆறாயிரம் கிலோமீட்டர் காத்திருக்கணும்? போய் தடிமனை அள" என்றார்.

பிறகு மெட்ராலஜி லேபுக்குக் கூட்டிப்போய் டயல் கேஜ், காந்தக் கால், மைக்ரோமீட்டர் மூன்றையும் லெட்ஜரில் என் பெயரில் எழுதிக் கொடுத்தார். நண்பர்களே, நம் லேபில் அந்த டயல் கேஜை நாம் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். சீனியர் ரெக்கார்டில் இருக்கும் ரீடிங்கில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதுவோம். நானும் அந்தப் பரம்பரைதான். அன்றைக்குத்தான் முதல் முறையாக எனக்கே பதில் தெரியாத ஒன்றை அதால் அளக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓமலூர் ரோடு. சித்தப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். சார் சொன்ன வரிசைப்படி போனோம். முதலில் பிரேக்கைத் தொடாமல் எண்பது, தொண்ணூறு, நூறு. ஸ்டியரிங் அமைதி. ஆகவே வீல் பேலன்ஸ் அல்ல. பேலன்ஸ் கெட்டிருந்தால் பிரேக் போடாமலே ஆடும். அந்த 1,200 ரூபாய் வீண் என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அடுத்து, பின்னால் வண்டி எதுவும் வராத நேரம் பார்த்து, கைப்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரை மெல்ல மெல்ல இழுத்து வேகத்தைக் குறைத்தார். (பட்டனை விட்டுவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதைக் காலி ரோட்டில், பழகிய ஆள்தான் செய்ய வேண்டும்.) ஆட்டம் இல்லை. ஆகவே பின் டிரம் நல்லது. கடைசியாக நூறிலிருந்து கால் பிரேக், லேசாக, நீளமாக. வந்துவிட்டது! முன்பக்கக் குறை ஸ்டியரிங்கில் தெரியும், பின்பக்கக் குறை பெரும்பாலும் சீட்டில் தெரியும் என்று சார் சொல்லியிருந்தார். என் சீட் சும்மா இருந்தது. சித்தப்பா கை ஆடியது.

ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது கால் மிதியில் வரும் 'டரடர' அதிர்வு வேறு. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கெல்லாம் அது கட்டாயம் என்பதால், மழை ரோட்டில் அழுத்தி மிதித்துவிட்டு, பிரேக் ரிப்பேர் என்று வருகிறவர்கள் உண்டு. அது குறையே அல்ல. லேசாக மிதித்தாலே ஆடினால்தான் நம் விஷயம்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்தோம். மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டு, பேசாமல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பேரிங்கில் ஆட்டம் இல்லை. காலிப்பர் பின்கள் தடையில்லாமல் போய் வந்தன. சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் ஹப்போடு ஒட்டி நிற்பதற்காக வாஷர் கொடுத்து நட்டுகளைத் திரும்ப முறுக்கினேன். முறுக்காமல் அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. டயல் கேஜின் ஊசி முனையை டிஸ்க்கின் ஓரத்துக்குச் சற்று உள்ளே வைத்துப் பூஜ்ஜியம் செய்தேன். மெல்லச் சுற்றினேன்.

வலது சக்கரம்: 0.04 மில்லிமீட்டர்.

இடது சக்கரம்: 0.13.

பல மேனுவல்களில் இதற்கான எல்லை 0.05-லிருந்து 0.1-க்குள் இருக்கும். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் தடிமனை அளந்தேன். வலது டிஸ்க்கில் வித்தியாசமே பிடிபடவில்லை. இடது டிஸ்க்கில் அதிகபட்சம் 19.97, குறைந்தபட்சம் 19.94. வித்தியாசம் 0.03. பார்த்தால் தெரியாது, நகத்தால் தடவினாலும் தெரியாது. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஆனால் 0.015 தாண்டினாலே காலுக்கும் கைக்கும் தெரிய ஆரம்பிக்கும்.

டயல் ஊசியையே மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். வலதை மாட்டியது அவர். இடதை மாட்டியது நான். டயல் கேஜ் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஊசி ஒரு பக்கம் துளி அசைகிறது, மறுபக்கம் தாவுகிறது என்பதைப் பார்க்க டிப்ளமோ தேவையில்லை. அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்தார். சித்தப்பா, "பாத்தியா, டூப்ளிகேட் தட்டுதான்" என்றார்.

"இல்ல சித்தப்பா. தட்டு நல்ல தட்டு. நான்தான் ஹப்ப தேய்க்காம மாட்டிட்டேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. பின்பு டிஸ்க்கைக் கழற்றிக் காட்டினேன். ஹப் முகத்தின் ஒரு ஓரத்தில் பழைய துரு, ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு, நசுங்கிப் பளபளவென்று இருந்தது. டிஸ்க்கின் பின்புறத்தில் அதே இடத்தில் அதன் அச்சு. அந்தத் துருவின் உயரம் 0.08 மி.மீ.தான் இருக்கும். ஹப் முகத்தின் விட்டம் 140 மி.மீ., நான் டயல் வைத்த வட்டத்தின் விட்டம் 230. ஹப்பில் 0.08 சாய்ந்தால் அங்கே 0.13 ஆகப் பெருகிவிடும். கணக்குக் கச்சிதமாக வந்தது. எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

இப்போது, முதலில் ஆடாமல் பிறகு ஆடியதற்குக் காரணம். கோணலாக உட்கார்ந்த தட்டு தடிமனில் சமமாகத்தான் இருந்தது. பிரேக் மிதித்தால் காலிப்பரும் பேடுகளும் அதன் கூடவே இடம் வலமாக அசைந்துகொடுத்துவிடும். அதனால் டிரையலில் ஒன்றும் தெரியவில்லை. கெடுதல் நடந்தது பிரேக் மிதிக்காத நேரத்தில். பேடுகள் டிஸ்க்கிலிருந்து மயிரிழை தள்ளித்தான் நிற்கும். கோணல் தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் வெளிப்பேடையும், அதற்கு நேர் எதிரே உள்பேடையும் உரசிவிட்டுப் போகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு முப்பது லட்சம் உரசல். உரசின இடமெல்லாம் மெலிந்து தடிமன் மாறிவிட்டது. அதன் பிறகு பிரேக் மிதித்தால், தடித்த இடம் வரும்போது பேடு விரிகிறது, பிஸ்டனைத் தள்ளுகிறது, பிடி கூடுகிறது. மெலிந்த இடத்தில் பிடி குறைகிறது. கை ஆடுகிறது. தட்டை மட்டும் மாற்றிவிட்டுத் துருவை விட்டுவைத்தால் எத்தனை ஒரிஜினல் தட்டு போட்டாலும் இன்னொரு ஆறாயிரத்தில் இதே கதைதான். முதல் முறை வந்த ஆட்டமே யாரோ என்னைப்போன்ற ஒருவர் செய்த வேலையாக இருந்திருக்கலாம். அந்தப் பழைய தட்டுகளை நாங்கள் அளக்கவேயில்லை, காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம்.

தடிமன் மாற இன்னொரு வழியும் உண்டு. அது ஓட்டுகிறவர் கையில், இல்லை, காலில் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கி, கீழே வந்ததும் சுங்கச்சாவடியில் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி நின்றால், கொதிக்கிற டிஸ்க்கில் பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியைச் சட்டையில் வைத்த மாதிரி ஒரு தடம். இறக்கத்தில் மூன்றாவது கியர், நின்ற பிறகு முடிந்தால் கைப்பிரேக். சித்தப்பாவுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. அவர் ஓட்டுவதில் குறை ஒன்றும் இல்லை.

நான் சொல்லி முடித்தபோது சித்தப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "மேலே கெடந்த துருவா?" என்று மட்டும் கேட்டார். ஹப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "ஆகஸ்ட்ல நான் வீட்டுக்கு வந்தன்னைக்கே உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றார்.

"சந்தேகம் இருந்துச்சு சித்தப்பா."

அவர் மேஸ்திரியிடம் திரும்பி, சட்டைப் பையிலிருந்து நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். மேஸ்திரி வாங்கவில்லை. "என் கடையில நடந்த வேலை. நான்தான் பாத்திருக்கணும். 'தேய்ச்சியா'ன்னு கேட்டேன், பாக்கல" என்றார். கடைசியில் அந்த 2,000 எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தீபாவளி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் அங்கே வேலை செய்தேன். பெரிய கடையில் கொடுத்த 6,000-க்கு நான் என்ன செய்வது? அது இன்னும் என் பேரில்தான் நிற்கிறது.

எமரி வாங்கிவர நானே ஓடினேன். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டு, எமரி போட்டு, இரும்பு வெளுக்கும் வரை தேய்த்தேன். டயலை ஹப் முகத்திலேயே வைத்துப் பார்த்தேன், 0.02. ஹப் வளையவில்லை. தட்டைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஹப்பில் உட்காரும் முகத்தை ஆதாரமாக வைத்துத்தான் லேத்தில் பிடிக்க வேண்டும் என்று பட்டறைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன், முறைத்தார். இரண்டு தட்டையுமே மெல்லியதாகக் கடைந்தோம், இரண்டு பக்கப் பிடியும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் 18 என்று வார்த்திருந்தார்கள். எங்களுக்கு 19.7 மிஞ்சியது. திரும்ப மாட்டி அளந்தால் 0.05. தட்டை ஒரு போல்ட் தள்ளி மாட்டிப் பார்த்தால் 0.03. அப்படியே விட்டோம். நட்டுகளைக் குறுக்குக்குக் குறுக்காக, சாரிடம் வாங்கிவந்த டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். பிறகு அறுபதிலிருந்து பதினைந்துக்கு, முழுக்க நிறுத்தாமல், இடைவெளி விட்டு விட்டு ஒரு பத்து முறை பிரேக் போட்டு, பேடும் தட்டும் ஒன்றோடொன்று பழகவிட்டோம்.

மேஸ்திரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நான்தான் பேச வேண்டியிருந்தது. கடைக்காரர் கேட்டுவிட்டு, "டிப்ளமோவா?" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் டீ சொன்னார். எனக்கும் ஒன்று வந்தது.

வண்டி அதற்குப் பிறகு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. நவம்பரில் அந்தக் குடும்பம் திரும்பவும் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு சர்வீசுக்கும் இடது டிஸ்க்கை அளந்து, ஒர்க்‌ஷாப் சுவரில் சாக்பீசால் எழுதிவைக்கிறேன். மேஸ்திரி அதை அழிக்க விடுவதில்லை. சித்தப்பா இப்போதும் வண்டியை அங்கேதான் விடுகிறார், இப்போதும் இடது சக்கரத்தை நான்தான் கழற்றுகிறேன். ஆனால் முன்போல எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போவதில்லை. கடைசி நட்டை முறுக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறார்.